ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க

எங்கள் காலனிக்குள் வந்த யாரும் அத்தையிடம் மாட்டாமல் வெளியே போனதில்லை. புதூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. மேற்கே மேலத்தெருவும் கோயிலும் டீக்கடையும். நடுவில் தண்ணீர் ஓடாத ஓடை. ஓடைக்குக் கிழக்கே நாங்கள். எங்கள் வரிசையின் முதல் வீடு அத்தையுடையது. கரண்டுக் கணக்கு எடுக்க வருகிறவர், தபால்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், பருத்தி எடுக்க ஆள் கூப்பிட வருகிற மேலத்தெருக்காரர், காணாமல் போன ஆட்டைத் தேடி வருகிறவர் என்று யாராக இருந்தாலும் அவள் வாசலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற நேரமென்றால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவடியில் வந்து நிற்பாள். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிடுவாள்.

"வாங்க அண்ணாச்சி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

இதில் என்ன அதிசயம், யார் வீட்டில்தான் இதைச் சொல்ல மாட்டார்கள் என்று கேட்பீர்கள். அதிசயம் இருக்கிறது. மேலத்தெருக்காரர்கள் எங்கள் காலனியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எங்கள் கை பட்ட எதுவும் அவர்கள் வாய்க்குள் போகாது. நாங்கள் அறுத்த கம்பும் நாங்கள் பறித்த மிளகாயும் போகும், அது வேறு கணக்கு. இது ஊருக்கே தெரிந்த விஷயம். அத்தைக்கும் தெரியும், வந்து நிற்கிறவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்பாள். பேச்சுக்குக் கேட்கிறவளும் இல்லை. அவள் வீட்டு உலையில் எப்போதும் இரண்டு பேருக்கு அரிசி கூடுதலாகக் கிடக்கும்.

கேட்டதும் வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "மாட்டேன், உங்க வீட்டுல சாப்பிட மாட்டேன்" என்று நேராகச் சொல்கிற காலம் மலையேறிவிட்டது. சட்டம் இருக்கிறது, கேஸ் இருக்கிறது, அதைவிட ஓட்டு இருக்கிறது. எனவே சாக்குதான் வழி. பெரிய வீட்டுக்காரருக்கு அந்தக் கணமே வயிறு கெட்டுவிடும். கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரியவருக்குப் பல் ஆடத் தொடங்கிவிடும். ஒருவருக்குச் சுகர். இன்னொருவருக்கு விரதம், கிழமை எதுவானாலும் விரதம்.

அத்தைக்கு அந்தச் சாக்குகள் என்றால் உயிர். வந்தவர் ஓடையைத் தாண்டுமுன் எங்கள் வீட்டுக்கு ஓடிவருவாள். "ஏட்டி, இன்னைக்குப் புதுசா ஒண்ணு. காலையில மாத்திர போட்டாராம், சாயங்காலம் வரைக்கும் பல்லுல சோறு படக்கூடாதாம்" என்று சொல்லி, அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனதை நடித்துக் காட்டுவாள். சிரிக்கும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் நான் வளர்ந்தேன். மேலத்தெருவைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கு ஏறாமல் போனதற்கு அத்தைதான் காரணம்.

அப்பா அவளுக்குத் தம்பி. பெரிய வீட்டுக்காரரிடம் டிராக்டர் ஓட்டினார். அத்தை அந்த முதலாளியை அண்ணாச்சி என்று அழைப்பதே அப்பாவுக்குப் பிடிக்காது.

"யக்கா, மொதலாளின்னு கூப்பிடு. இல்லன்னா சும்மா இரு. அவிய வந்து நம்ம வீட்டுல சாப்பிட்டாத்தான் நமக்கு மரியாதையா?"

"எனக்கு எதுக்குலே மரியாதை? அது எங்கிட்ட இருக்கு. வீட்டுக்கு வந்தவரப் பட்டினியா அனுப்புனா அது எனக்கு அசிங்கம். போட்ட சோத்தத் திங்காமப் போனா அது அவருக்கு அசிங்கம். நான் கேட்டுட்டேன். இனி அந்த அசிங்கம் அவருகிட்ட இருக்கட்டும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

சுதந்திர தினத்துக்குக் கோயிலில் சமபந்தி போடுவார்கள். சர்க்கார் செலவு. ஜீப்பில் அதிகாரிகள் வருவார்கள், எங்களோடு வரிசையாக உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். சமையல் மட்டும் மேலத்தெரு சமையல்காரருடையது. ஒரு வருஷம் அத்தை ஒரு அதிகாரிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டாள். பாயசம் வரைக்கும் சாப்பிட்டாள். அப்புறம் கேட்டாள்.

"சார், இது நீங்க போட்ட சோறு. நாங்க வந்து சாப்பிடுதோம். எங்க சோத்த நீங்க எப்ப வந்து சாப்பிடுதீங்க? வீடு பக்கத்துலதான், ஓடையத் தாண்டுனா மொத வீடு."

அவர் நல்ல மனிதர்தான். சிரித்தார். "கண்டிப்பா வாரேம்மா. இன்னைக்கு மீட்டிங் இருக்கு" என்றார்.

"மீட்டிங்கு" என்று அத்தை அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சேகரிப்பில் அதுவரை இல்லாத சரக்கு அது.

கலர் சமாச்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலத்தெருக்காரர்கள் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வரவே மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வருவார்கள். பந்தலுக்கு வெளியே அவர்களுக்கென்று ஒரு வரிசை நாற்காலி போட்டிருக்கும். உட்கார்ந்து, மொய் செய்து, கலர் உடைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுப் போவார்கள். கலர் என்றால் கோவில்பட்டி சோடாக் கம்பெனியிலிருந்து மூடி போட்டு வருகிற ஆரஞ்சு, பன்னீர் வகையறா. கம்பெனியில் அடைத்து மூடிவிட்டால் அதில் எங்கள் தீட்டு இறங்காது என்பது ஏற்பாடு. எங்கள் ஆட்கள் விசேஷத்துக்கு அரிசி வாங்குகிறார்களோ இல்லையோ, கலருக்கு முதலில் சொல்லி வைத்துவிடுவார்கள். காலனியில் கலர் பாட்டில் வாசற்படி ஏறாத ஒரே வீடு அத்தையுடையது. "சோறு இருக்குற வீட்டுல சோடா எதுக்கு?" என்பாள்.

மதினியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மதினி மேலத்தெருக்காரி. சொத்து பத்து இல்லாத வீடு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்தவள். ஆபீஸ் வேன் காலையில் வந்து எல்லாத் தெருப் பெண்களையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போகும். வேனில் இடிபடுவதில் ஒரு தீட்டும் கிடையாது. மத்தியானம் மணி அடித்ததும் வேப்ப மரத்தடியில் மட்டும் அவரவர் வட்டம் தனித்தனியாகிவிடும். அண்ணன் மனைவி முறை வைத்து அத்தை அவளை மதினி என்று அழைக்க ஆரம்பித்தபோது அவள் முறைத்தாளாம். பிறகு பழகிவிட்டது. எங்களுக்கும் அவள் மதினிதான்.

அத்தை தினமும் தூக்குவாளியைத் திறந்து அந்த வட்டத்தைப் பார்த்துக் கேட்பாள். "மதினி, கருவாட்டுக் குழம்பு. ஒரு வாய் சாப்பிடுதீங்களா?" மதினியும் மற்றவர்களைப் போல சஷ்டி, கிருத்திகை என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் அத்தையைத் தனியாக நிறுத்திச் சொன்னாள்.

"எனக்கு விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒங் குழம்பு வாசம் என் வட்டம் வரைக்கும் வருது, ஆசையாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வீட்டுல ஏத்த மாட்டாரு. அதாம் பயம். ஒங்கிட்டப் பொய் சொல்ல ஒரு மாதிரியா இருக்கு, அதான் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நடித்துக் காட்டவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "அவ ஒருத்திதான் உண்மையச் சொன்னா." மறுநாளும் மதினியைக் கேட்டாள். "இன்னைக்கு வேண்டாம்" என்றாள் மதினி. "சரி, நாளைக்கு" என்றாள் அத்தை. வருஷக்கணக்காக அவர்களுக்குள் இதே பேச்சுதான். அந்த வீட்டுக்காரர் வேறு யாருமில்லை. அத்தையிடம் சுகர் என்று சொல்கிறவர்தான்.

பிறகு அத்தை மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு எப்போதும்வென்றான் ஊர். மாமா வெளியூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். லீவு போட்டு வந்து, எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நிர்வாகம் முழுக்க அத்தைதான். அரக்குச் சேலை கட்டி, காலில் செருப்போடு, மேலத்தெருவில் வீடு வீடாகப் போய் பத்திரிகை வைத்தாள். செருப்பைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் அம்மா வயதுப் பெண்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். அத்தை டக்கு டக்கென்று நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு.

"எம் மகளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. குடும்பத்தோட வந்துருங்க. கலர் கிடையாது. சாப்பாடுதான்."

அவள் வீடு திரும்புவதற்குள் அந்தப் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "யக்கா, டிராக்டர் சாவியப் புடுங்கிருவாரு. இல்லன்னா ஒருத்தரும் வர மாட்டாக. சம்பந்தக்காரவுக முன்னால நம்ம ஊரே நம்மள மதிக்கலன்னு ஆயிரும்."

"ஒருத்தரு போதும்லே" என்றாள் அத்தை. "அந்தத் தெருவுல இருந்து ஒருத்தரு எம் மக கல்யாணத்துல எலையில உக்காந்து சாப்பிடணும். அது போதும் எனக்கு."

அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் விளையாட்டுக்குக் கேட்டாள் என்று நினைத்திருந்தேன். விளையாட்டு இல்லை.

காலனிப் பையன்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். மேலத்தெரு சமையல்காரர் சமைத்தது என்று சொல்லி நம் சோற்றைப் போட்டுவிடலாம், தின்று முடித்த பிறகு சொல்லலாம் என்றார்கள். அத்தை விரட்டிவிட்டாள். "தெரியாமத் தின்னா அது சாப்பாடாலே? மாட்டுக்கு மருந்து குடுக்குற மாதிரில்லா இருக்கு. தெரிஞ்சு சாப்பிடணும்."

கல்யாணத்துக்கு முந்திய சாயங்காலம் அப்பா ஒரு காரியம் செய்தார். யாருக்கும் தெரியாமல் டிராக்டரில் நாலைந்து பெட்டி கலர் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அத்தைக்கு எப்படித்தான் மூக்கு வியர்த்ததோ. பெட்டிகளைத் தெருவில் இழுத்துப் போட்டு, காலனிப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உடைத்துக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் ஆரஞ்சு நாக்கை நீட்டிக்கொண்டு ஏப்பம் விட்டபடி பந்தல்காலைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அப்பாவுக்கும் ஒரு பாட்டிலை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, தானும் ஒரு ஏப்பம் விட்டார். அதற்கு மேல் அவர் என்ன செய்ய.

சமையலுக்கு வந்தவர் எங்கள் உறவுக்காரர்தான். அத்தை சொன்ன பட்டியலைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கறிக்குழம்பும் சோறும் சரி. தனியாகச் சாம்பார், தனியாக மிளகு ரசம், குழைந்த சோறு, இடியாப்பம், தேங்காய்ப்பால், கம்பஞ்சோறு, கீரை, காய்ச்சின பால், ஒரு தார் வாழைப்பழம். "கல்யாணப் பந்தியா, கவர்மெண்டு ஆசுபத்திரியா?" என்று கேட்டார். அத்தை தன் வீட்டு அடுப்பில் வேறு எதையோ ஒரு சின்னச் சட்டியில் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். வாசம் வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் கருவாடு.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்ட நேரத்தில் மேலத்தெருக்காரர்கள் வந்தார்கள். கூப்பிட்ட மரியாதைக்குப் பாதி, கலர் இல்லாத கல்யாணம் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பாதி. பெரிய வீட்டுக்காரர், கோயில் பெரியவர், மதினியின் வீட்டுக்காரர், விரதக்காரர். பின்னால் கொஞ்சம் தள்ளி மதினியும் இரண்டு பெண்களும். வெளியே அவர்கள் பழக்கப்பட்ட நாற்காலி வரிசை இல்லை. பந்தல் வாசலில் அத்தை நின்றாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"வாங்க அண்ணாச்சி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

பெரிய வீட்டுக்காரர் வயிற்றைத் தடவினார். "ரெண்டு நாளா வயிறு சரியில்ல, பாத்துக்கோ."

"தெரியும் அண்ணாச்சி. ஒங்களுக்குன்னுதான் மொளகு ரசமும் கொழைஞ்ச சோறும் வச்சிருக்கு."

அவர் திகைத்து நிற்கும்போதே கோயில் பெரியவர் கன்னத்தில் கை வைத்தார். "எனக்குப் பல்லு..."

"இடியாப்பம். தேங்காப்பால் ஊத்தி ஊற வச்சா கரைஞ்சே போயிரும்."

"சுகரு" என்றார் மதினியின் வீட்டுக்காரர், பாதிக் குரலில்.

"கம்பஞ்சோறும் கீரையும்."

விரதக்காரர் வாயைத் திறக்கவே யோசித்தார். அத்தை அவரையும் விடவில்லை. "கவிச்சி ஆகாதுன்னா சாம்பாரு இருக்கு. சுத்த விரதம்னா பாலும் பழமும் இருக்கு. எந்த விரதம்னு மட்டும் சொல்லுங்க."

முதலில் சிரித்தது மணமேடையில் இருந்த கல்யாணப் பெண். அடக்கிப் பார்த்து முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு மாப்பிள்ளை. பிறகு பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து, "ஏ, இதுக்குத்தானா" என்று சொல்லிச் சிரித்தார். கடைசியில் கோயில் பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து சிரித்தார். பல் அத்தனையும் ஆடாமல் அசையாமல் இருந்ததை எல்லாரும் பார்த்தோம்.

பெரிய வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வேலை கெடக்கு" என்று துண்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"அதுக்குத்தான் என்ன சமைக்கதுன்னு தெரியல அண்ணாச்சி" என்றாள் அத்தை. "போயிட்டு வாங்க."

அவர் போனார். விரதக்காரரும் அவர் பின்னாலேயே போனார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மிச்சம் இருந்தவர்களும் நகரப் பார்த்தார்கள். அத்தை சந்தனக் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிரிப்பு அவள் உதட்டில் இருந்ததே தவிர, கண்ணில் இல்லை. எல்லாச் சாக்கையும் தீர்த்துக் கட்டியாகிவிட்டது, ஆனாலும் அந்தத் தெருவிலிருந்து இலையில் ஒருவரும் இல்லை.

அப்போது மதினி செருப்பைக் கழற்றினாள். ஆண்களுக்கு நடுவே புகுந்து, தன் வீட்டுக்காரரையும் தாண்டி, பந்தலுக்குள் வந்து, பந்திப்பாயில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இலையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எந்திரி" என்றார் அவள் வீட்டுக்காரர் வெளியிலிருந்து.

"பசிக்குது" என்றாள் மதினி, அவரைப் பார்க்காமலே. பிறகு அத்தையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு சமைச்சிருக்க. எனக்கு என்ன சமைச்ச?"

"ஒன் பயத்துக்கு நான் என்னத்தச் சமைக்க மதினி" என்றாள் அத்தை. "நீ ஆசப்பட்டத வச்சிருக்கேன்."

வீட்டுக்குள் போய்த் தூக்குவாளியோடு வந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டுபோகிற அதே தூக்குவாளி. சோற்றைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். மதினி பிசைந்து முதல் வாயை வைத்தாள். பந்தலே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மென்று விழுங்கிவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூடுதல்" என்றாள்.

"கருவாடுன்னா அப்படித்தான் இருக்கும், சாப்பிடு" என்றாள் அத்தை. அதற்குப் பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டோம்.

கோயில் பெரியவர் மதினியின் இலையை எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, "அந்த இடியாப்பத்தக் கொண்டா பாப்போம்" என்று வந்து உட்கார்ந்தார். மதினியின் வீட்டுக்காரர் உட்காரவுமில்லை, போகவுமில்லை. பந்தலுக்கு வெளியே இருந்த ஒரு வேப்ப மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் அவளை ஏற்றாமல் இல்லை. ரொம்ப நாள் பேசாமல் மட்டும் இருந்தாராம். "நிம்மதியா இருந்துச்சு" என்று பின்னால் மதினி சொன்னாள். டிராக்டர் சாவியும் போகவில்லை. பெரிய வீட்டுக்காரர் அப்பாவிடம் முகம் கொடுக்காமல் திரிந்தார், மழை விழுந்து விதைப்பு வந்ததும் அவரே ஆள் அனுப்பினார்.

ஊர் தலைகீழாக மாறிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. அத்தை காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. டீக்கடையில் இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப், அதனால் எங்கள் கிளாஸ் எது அவர்கள் கிளாஸ் எது என்ற பேச்சே இல்லை. சாக்குகளும் புதிது புதிதாக வந்திருக்கின்றன, டயட் என்கிறார்கள். கோவில்பட்டியில் என் வீட்டுக்கு வருகிறவர்களை நானும் கேட்காமல் விடுவதில்லை. சாக்குச் சொன்னால், அத்தை இருந்தால் இதற்கு என்ன சமைத்திருப்பாள் என்று யோசித்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் கல்யாண நாளில் கடைசியாக நடந்ததை நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வருகிறது. மதினி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தாள். அத்தை பந்தல்காலைப் பிடித்தபடி மதினி சாப்பிட்ட இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை.

"நீ சாப்பிட்டியா?" என்று மதினி கேட்டாள்.

அத்தை மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு... வயிறு ஒரு மாதிரியா இருக்கு மதினி" என்றாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா அண்ணாந்து பந்தலைப் பார்த்துச் சிரித்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் சொன்ன சாக்கையெல்லாம் கேட்டவள், தன் வாயால் சொன்ன முதல் சாக்கு அது.

மதினி அத்தையின் தோளைப் பிடித்து அழுத்திப் பாயில் உட்கார வைத்தாள். புது இலை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். பெரிய வீட்டுக்காரருக்கென்று வைத்து யாரும் தொடாமல் இருந்த குழைந்த சோற்றையும் மிளகு ரசத்தையும் எடுத்து வந்து தன் கையாலேயே பரிமாறினாள்.

"அதுக்குத்தான் இது இருக்குல்லா" என்றாள். "ஒரு வாய் சாப்பிடு."

அத்தை சாப்பிட்டாள்.